முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்!

"மீனுக்கு வெந்நீரா? நம்ம ஊர்லயா? இன்னாம்மா கதையா இருக்கு!"

2024 டிசம்பரில் எங்கள் வீட்டு மீன் தொட்டிக்கு ஹீட்டர் வாங்கி வந்தபோது மாமியார் இப்படித்தான் சிரித்தார். அவர் சிரித்ததில் தப்பே இல்லை. சித்திரை, வைகாசியில் திருவண்ணாமலை வெயிலைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? மலையும் சுடும், ரோடும் சுடும். அந்த மாதங்களில் கிரிவலம் வருகிறவர்கள் 14 கிலோமீட்டரையும் ராத்திரியில் நடந்து முடிக்கத்தான் பார்ப்பார்கள். இந்த ஊரில் மீனுக்குத் தண்ணீர் சுட வைக்கிறோம் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

நானும் கூடவே சிரித்தவள்தான். ஆனால் 2025 தீபத்துக்கு முதல் நாள் அந்தத் தொட்டிக்கு முன்னால் நடந்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. தப்பு முழுக்க என்னுடையது. என் போல அவசரக் குடுக்கைகள் இன்னும் நாலு பேர் இருப்பீர்கள் என்பதால்தான், வெட்கத்தை விட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் தொட்டி வந்த கதை. எங்கள் பெண் பிளஸ் ஒன் முடித்த லீவில், "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ப்பா, மீன் தொட்டி மட்டும் வாங்கிக் குடு" என்று ஒற்றைக் காலில் நின்றாள. அப்பாவும் பெண்ணுமாகச் சென்னை கொளத்தூருக்குப் பஸ் ஏறினார்கள். வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். அங்கே தெருத் தெருவாக மீன் கடைகள். வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் தொட்டி கட்டி, குஞ்சு பொரிக்க வைத்துப் பிழைக்கிற குடும்பங்களும் ஏராளம். ஆக்ஸிஜன் அடைத்த பாலிதீன் கவர்களை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு ரெண்டு பேரும் வந்து இறங்கினார்கள். ஆறு மோலி, நாலு பிளாட்டி, நீல நிறத்தில் ஒரு ஃபைட்டர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் உள்ளூரிலேயே ஒரு கண்ணாடித் தொட்டி.

மோலி, பிளாட்டிக்கெல்லாம் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். ஃபைட்டர் தாய்லாந்துக்காரன். 2019-ல் அந்த நாடு அவனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினம் என்றே அறிவித்துவிட்டது. எல்லாமே வெப்பமான நாட்டு மீன்கள். தண்ணீர் 24-லிருந்து 28 டிகிரி வரை இருந்தால் குஷியாக இருக்கும். அதற்குக் கீழே இறங்க இறங்கச் சுணங்கிவிடும். நமக்குக் குளிர்ந்தால் போர்வையை இழுத்துக்கொள்வோம். மீனுக்கு அந்த வசதி ஏது? சுற்றியிருக்கிற தண்ணீரின் சூடுதான் அதற்கு உடம்புச் சூடு.

சென்னை கடலோர ஊர். மார்கழியிலும் அங்கே அவ்வளவு குளிராது. எங்கள் வேங்கிக்கால் அப்படி இல்லை. கலெக்டர் ஆபீஸ் பக்கம் வந்து பார்த்தால் ஊர் பெரிதாக வளர்ந்துவிட்டது போலத்தான் தெரியும். ஆனால் கார்த்திகை பிறந்துவிட்டால் ஏரிக் காற்று விடிய விடிய உள்ளே வரும். மொசைக் தரையில் கால் வைக்க முடியாது. இது தெரியாமல்தான் முதல் வருஷம் ஏமாந்தோம்.

2024 நவம்பர் 30-ந் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மறுநாள் எங்கள் மலையில் மண் சரிந்து, குழந்தைகளும் பெரியவர்களுமாக ஏழு உயிர் போயிற்று. ஊரே அழுதுகொண்டிருந்த நேரம். எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. தொட்டிக்குள் ஒட்டியிருந்த தெர்மாமீட்டர் 21 காட்டியது. மீன்கள் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு அடியில் போய்ப் படுத்துவிட்டன. அந்த நேரத்தில் மீனைப் பற்றி வாய் திறக்கவே எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. பெண் ஒரு வார்த்தை பேசாமல் பழைய கம்பளியை எடுத்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் ஒரு மோலி செத்து மிதந்தது. அந்த வாரமே ஹீட்டர் வந்தது.

ஹீட்டர் என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்ய வேண்டாம். நம் விரல் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே கம்பிச் சுருள், தலையில் ஒரு திருகு, அதில் டிகிரி எண்கள். ரப்பர் உறிஞ்சியால் தொட்டியின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். எங்களுடைய மாதிரி ஹீட்டரில், நம் இஸ்திரிப் பெட்டியில் இருக்கிற அதே ஏற்பாடுதான் உள்ளே இருக்கிறது. இரண்டு வேறு வேறு உலோகத் தகடுகளை முதுகோடு முதுகாக ஒட்டியிருப்பார்கள். சூடு ஏறினால் ஒன்று கூடுதலாக நீளும், மற்றது குறைவாக நீளும். அதனால் தகடு வளைந்து, கரண்ட் தானாகவே நின்றுவிடும். ஆறினால் நிமிர்ந்து மறுபடி ஓடும். இஸ்திரிப் பெட்டியில் 'டிக்' என்று விளக்கு அணைகிறதே, அதே சங்கதி.

"கரண்ட் பில் எகிறிடுமே!" என்று நான் முனகினேன். கடைப் பையன் கணக்குப் போட்டுக் காட்டினான். எங்கள் தொட்டி விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர். கூழாங்கல், மேலே விடுகிற இடைவெளி எல்லாம் போக ஐம்பது லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. லிட்டருக்கு ஒரு வாட் என்று வைத்துக்கொண்டால் 50 வாட் ஹீட்டர் போதும். அது ஒரு நாளில் மொத்தம் பத்து மணி நேரம் எரிந்தாலும் அரை யூனிட்தான். சரி, தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

2025 ஜூலையில் பெண் காலேஜில் சேர்ந்து சென்னை ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். போகிற அன்று காலையில் ஒரு நோட்டுப் பேப்பரை மடித்து என் கையில் திணித்தாள். "அம்மா, மீனுக்கு என்னென்ன செய்யணும்னு எழுதியிருக்கேன். படிச்சுடு" என்றாள். பஸ் போன பிறகு பிரித்தேன். 'காலையில் ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை' என்ற முதல் வரியிலேயே எழுத்து மங்கிவிட்டது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. மடித்து, பூஜை அலமாரியில் ரேஷன் கார்டுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டேன்.

பத்திரமாக வைத்ததோடு சரி! தினம் ராத்திரி போனில் "ஃபைட்டர் சாப்பிட்டானா?" என்று கேட்பாள். "ஆச்சும்மா" என்பேன். தீனி போட்டேன், பாசி வழித்தேன், ஃபில்டர் பஞ்சை அலசினேன். ஹீட்டரைப் பற்றி மட்டும் நினைப்பே இல்லை. அது செடிக்குப் பின்னால் மூலையில் இருந்தது. கண்ணில் படாதது கருத்தில் எப்படிப் படும்? வாங்கி மாட்டியதிலிருந்து ஒரு வருஷம் அதை வெளியே எடுக்கவே இல்லை.

எங்கள் போர் தண்ணீர் எப்படிப்பட்டது தெரியுமா? புது எவர்சில்வர் குடத்தில் பிடித்து வைத்தால் பத்து நாளில் உள்ளே வெள்ளை வட்டம் விழுந்துவிடும். பருப்பு வேக அடம் பிடிக்கும். சோப்பு நுரைக்காது. இந்தத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கரைந்திருக்கிறது. சூடு பட்டதும் கரையாத சுண்ணாம்பாக மாறிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிறது. வெந்நீர்த் தவலையின் அடியில் செதில் செதிலாகப் பெயருமே, அதுதான் இது. மீன் தொட்டியில் சூடான இடம் எது? ஹீட்டர்தான். ஆகவே முழுச் சுண்ணாம்பும் அதன் மேல்தான் படிந்தது. ஒரு வருஷத்தில் கண்ணாடிக் குழாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றது.

சட்டை போட்டால் என்ன என்று கேட்பீர்கள். சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் குழாய்க்குள்ளேயே அடைபடும். தண்ணீர் சூடாக வெகு நேரம் ஆகும். ஹீட்டர் அதிக நேரம் எரியும். கண்ணாடி அளவுக்கு மீறிச் சுடும். அந்த நேரத்தில் பச்சைத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? சூடான லாந்தர் கண்ணாடியில் மழைத்துளி பட்டால் என்ன ஆகுமோ, அதேதான்.

இனிமேல் தீபத்துக்கு முதல் நாளுக்கு வருகிறேன். 2025-ல் டிசம்பர் 3-ந் தேதி தீபம். எங்கள் ஊரில் தீபம் என்றால் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள்தான். நாத்தனார் தன் நாலு வயசுப் பிள்ளையோடு முதல் நாளே வந்துவிட்டாள். வீடு கழுவி, அகல் துலக்கி, பொரி உருண்டைக்கு வெல்லம் பாகு வைத்து... வேலைக்கு முடிவே இல்லை. 'வருகிறவர்கள் தொட்டியைப் பார்ப்பார்களே, தண்ணீர் கலங்கலாக இருக்கிறதே' என்று தோன்றியது. அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு, ட்யூபும் பக்கெட்டுமாகத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். பிள்ளையும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் ஏறி நின்றுகொண்டான்.

கூட்டிப் பெருக்கும்போது ஃப்ரிட்ஜை அணைக்கிறோமா? அந்த நினைப்பில்தான் ஹீட்டரை அணைக்காமலேயே தண்ணீரை இறக்கினேன். பாதித் தொட்டி காலி. ஹீட்டர் குழாயின் மேல் பாதி தண்ணீருக்கு வெளியே நின்று எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அது உறைக்கவே இல்லை. பக்கெட்டில் இருந்த போர் தண்ணீரை அப்படியே ஊற்றினேன்.

'டப்'பென்று ஒரு சத்தம். சத்தமும் பெரிதாக இல்லை, அப்பளம் நொறுங்குகிற மாதிரிதான். பாகுதான் பொங்குகிறதோ என்று அடுப்பைத் திரும்பிப் பார்த்தேனே தவிர, தொட்டியைப் பார்க்கவில்லை. மீன்கள் எப்போதும் போல நீந்திக்கொண்டிருந்தன.

"அத்தை, நானும் கைய விடட்டா?" என்று பிள்ளை சட்டைக் கையை மேலே ஏற்றினான்.

"இருடா கண்ணா, அத்தை இந்தக் கல்லை மட்டும் சரி பண்ணிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே என் கையை உள்ளே விட்டேன். வெறுங்கால், ஈரத் தரை. முழங்கை வரை சுரீர் என்று ஒரு இழுப்பு. அதே நொடியில் வீடு முழுக்க ஃபேன், லைட், டி.வி. எல்லாம் அணைந்துவிட்டது. நான் பின்னால் சாய்ந்து சுவரோடு உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை ஸ்டூல் மேலேயே நின்று விழித்துக்கொண்டிருந்தான். அவன் கை தொட்டியின் விளிம்பில் இருந்தது. நான் 'இரு' என்று சொன்ன அந்த ஒரு வார்த்தை இல்லையென்றால்... எழுதவே வேண்டாம்.

என்னைக் காப்பாற்றியது எது தெரியுமா? தீபாவளிக்கு எனக்குப் புது மிக்ஸி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார் என் கணவர். கடைசி நேரத்தில், "வீட்ல மெயின் போர்டுல ஆர்.சி.சி.பி. இல்ல. அதை முதல்ல போட்டுடலாம், மிக்ஸி பொங்கலுக்கு" என்று எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்துவிட்டார். நான் ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. "அரைக்கிற சாமான் கேட்டா, அணைக்கிற சாமான் வாங்கியிருக்கீங்க" என்று குத்திக் காட்டினேன். அந்த அணைக்கிற சாமான்தான் அன்றைக்கு அணைந்தது. மிக்ஸி அரைத்துக் கிழித்திருக்கும்!

சாயங்காலம் எலெக்ட்ரீஷியன் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். அவர் சொன்ன இரண்டு விஷயங்களை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, சாதாரண டிரிப்பர் இருக்கிறதே, எம்.சி.பி. என்பார்கள், அது வயர் சூடாகி எரிந்து போகாமல் காக்கத்தான். மனுஷ உடம்பில் ஷாக் அடித்தால் அதற்குத் தெரியாது. ஆர்.சி.சி.பி. என்பது போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். பால்காரர் கணக்கை நாம் பார்ப்பது போல! 30 மில்லி ஆம்பியர் உதைத்தாலும் போதும், கண் இமைக்கிற நேரத்தில் அணைத்துவிடும். வீடுகளுக்கு இந்த 30 மில்லி ஆம்பியர் அளவுதான் போட வேண்டும். அதில் 'டி' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். டக்கென்று விழுந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும். நான் இப்போது அமாவாசைக்கு அமாவாசை அழுத்துகிறேன். மறக்காது பாருங்கள்.

இரண்டாவதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மீன் நல்லா நீந்திக்கிட்டு இருந்துச்சேண்ணா, அதுக்கு ஷாக் அடிக்கலையே?" என்று கேட்டேன். "அதுங்க தரையைத் தொடலையேம்மா. கரண்டு தரைக்குப் போக வழி தேடிக்கிட்டு இருந்துச்சு. நீங்க கையை விட்டதும் நீங்கதான் வழி" என்றார். கண்ணாடித் தொட்டிக்குள் கரண்ட் கசிந்தாலும் மீன்கள் பாட்டுக்கு நீந்தலாம். மீன் சௌக்கியமாக இருக்கிறதே என்று நம்பி யாரும் கையை விடாதீர்கள்.

அதனால்தான் சொல்கிறேன். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக் கையோடு வெளியே வர வேண்டும். ஹீட்டர் மட்டுமல்ல, ஃபில்டர், ஏர் பம்பு, தொட்டி லைட் எல்லாவற்றையும்தான். கை உலர்ந்திருக்க வேண்டும், காலில் செருப்பு இருக்க வேண்டும். அதன் பிறகு அரை மணி நேரம் தொட்டியைத் தொடாதீர்கள். ஹீட்டர் அந்தத் தண்ணீரிலேயே ஆறட்டும். அந்த அரை மணியில் வெங்காயம் உரித்துவிடலாம்.

ஆறிய ஹீட்டரை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கண்ணாடியில் தலைமுடி போல ஒரு விரிசல் தெரிந்தாலோ, உள்ளே ஆவி படர்ந்தது போல ஈரம் தெரிந்தாலோ, தலைப்பக்க ரப்பர் வெடித்திருந்தாலோ, யோசிக்கவே வேண்டாம். குப்பைதான். ஒட்டு வேலை, டேப் சுற்றுகிற வேலை எதுவும் கூடாது. ஒயரை வெட்டிவிட்டுப் போடுங்கள், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக்கூடாது.

நன்றாக இருந்தால், உயரமான டம்ளரிலோ பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ பாதி வெள்ளை வினிகர், பாதி தண்ணீர் ஊற்றி, தலைப்பக்கமும் ஒயரும் நனையாமல் குழாயை மட்டும் நிறுத்தி வையுங்கள். பொடிப் பொடியாக நுரை கிளம்பும். சுண்ணாம்பை வினிகர் கரைக்கிறது என்று அர்த்தம். வினிகர் இல்லையா, எலுமிச்சைச் சாறு பிழிந்த தண்ணீரும் ஆகும், கொஞ்சம் அதிக நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் பவுடர் போல உதிர்ந்துவிடும். போகாத இடத்தை நகத்தாலோ கத்தியாலோ சுரண்டாதீர்கள், இன்னொரு முறை ஊற வையுங்கள். எவர்சில்வர் நார் போட்டுத் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும், நாளைக்கு அந்தக் கீறலில்தான் விரிசல் விடும். சோப்பு, பாத்திரப் பவுடர், பிளீச்சிங் பவுடர் எதுவும் ஆகாது. எவ்வளவு அலசினாலும் அதன் மிச்சம் மீனுக்கு விஷம். கடைசியில் நல்ல தண்ணீரில் வினிகர் வாசனை போகிற வரை அலசிவிடுங்கள்.

திரும்பத் தொட்டியில் ஒட்டும்போது, குழாயில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள், தண்ணீர் அதற்குக் கீழே ஒருநாளும் இறங்கக்கூடாது. கூழாங்கல்லுக்குள் புதைக்கவும் கூடாது. ஃபில்டர் தண்ணீர் ஓடுகிற பக்கமாக வைத்தால் சூடு எல்லா இடத்துக்கும் போகும். ஒட்டிவிட்டு இன்னொரு அரை மணி பொறுத்துத்தான் பிளக் செருக வேண்டும். ஒயர் நேராகப் பிளக்குக்குப் போகாமல், பிளக்கை விடத் தாழ்வாக ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற வேண்டும். அப்போதுதான் ஒயரில் வழிகிற சொட்டு அந்தத் தொங்கலிலேயே கீழே விழுந்துவிடும், பிளக்குக்குள் போகாது.

இதை எங்கள் உப்புத் தண்ணீருக்கு மாதம் ஒரு முறை செய்கிறேன். நல்ல தண்ணீர் உள்ள ஊர்க்காரர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். தண்ணீர் மாற்றுவதிலும் இப்போது புத்தி வந்துவிட்டது. பாதித் தொட்டியைக் காலி பண்ணுவதில்லை, கால் பங்குதான். ஊற்றுகிற தண்ணீரில் கொஞ்சம் வெந்நீர் கலந்து, தொட்டியின் சூட்டுக்குச் சமமாக்கிவிட்டு ஊற்றுகிறேன். குழந்தையைக் குளிப்பாட்டும் முன் விளாவுவோமே, அந்த மாதிரிதான். திடீரென்று குளிர்ந்தால் மீனுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்து, உடம்பெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி நோய் வந்துவிடும். ஒரு மீனுக்கு வந்தால் தொட்டி முழுக்கப் பரவும்.

தெர்மாமீட்டர் இல்லாமல் ஹீட்டர் வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே இருக்கிற தகடு என்றைக்காவது ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையவே அணையாது, விடிவதற்குள் மீன் வெந்துவிடும். சாயங்காலம் விளக்கு வைக்கும்போது ஒரு பார்வை பார்த்தால் போதும். எங்கள் தொட்டியில் 26-லேயே வைத்திருக்கிறேன்.

பங்குனி வந்துவிட்டால் எங்கள் ஊரில் ஹீட்டருக்கு வேலையே இல்லை. அப்போது சுத்தம் செய்து, ஈரம் போகக் காய வைத்து, துணியில் சுற்றிப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் எடுத்து நேராக மீன்களோடு போடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பக்கெட் தண்ணீரில் ஒரு நாள் முழுக்கப் போட்டு, தெர்மாமீட்டரும் வைத்து, சொன்ன சூட்டில் நிற்கிறதா என்று சோதித்துவிட்டுப் போடுங்கள். அந்தப் பக்கெட்டிலும் பிளக் இருக்கும்போது கை வைக்கக்கூடாது!

'எங்கள் வீட்டில் மீனே இல்லையே' என்று பக்கத்தைப் புரட்டுகிற சகோதரிகளே, கொஞ்சம் இருங்கள். குளிக்க வெந்நீர் வைக்கிற ராடு உங்கள் வீட்டில் இருக்கிறதா, இல்லையா? அதுவும் இதே ஜாதிதான். அதிலும் சுண்ணாம்பு படியும், அதையும் வினிகரில் ஊற வைத்துத்தான் எடுக்க வேண்டும். 'சுட்டதா?' என்று பிளக்கோடு தண்ணீரில் விரல் விட்டுப் பார்க்கிற பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு. இனிமேல் வேண்டாம். இரும்பு, எவர்சில்வர் பக்கெட்டில் ராடு போட வேண்டாம். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 368 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரில் மூழ்க வைக்கிற ஹீட்டருக்கான நம் நாட்டுத் தர எண் அது.

அன்றைக்கு நடந்ததைப் பெண்ணிடம் நான் சொல்லவில்லை. பரீட்சை நேரம், பயந்துவிடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம். புது ஹீட்டர் வாங்கிப் போட்டோம். மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தீபம் பார்த்துவிட்டு நாத்தனாரும் ஊருக்குப் போய்விட்டாள். நாலாம் நாள் ராத்திரி போனில் "ஃபைட்டர் சாப்பிட்டானா?" என்று கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, நான் எழுதிக் குடுத்த பேப்பரை நீ படிக்கவே இல்லையா?"

போனைக் கையில் வைத்துக்கொண்டே பூஜை அலமாரியைத் திறந்தேன். ரேஷன் கார்டுக்கு அடியிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்துப் பிரித்தேன். தீனி, பாசி, ஃபில்டர் என்று வரிசையாக நம்பர் போட்டு எழுதியிருந்தாள். ஆறாவது வரியின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தது.

'அம்மா, தண்ணி மாத்தறதுக்கு முன்னாடி ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிடு. அரை மணி நேரம் கழிச்சுத்தான் கை வைக்கணும். நீ அவசரப்படுவ, எனக்குத் தெரியும்.'

அந்தப் பேப்பர் இப்போது பூஜை அலமாரியில் இல்லை. தொட்டிக்கு மேலே, ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில், என் கண் மட்டத்துக்கு ஒட்டியிருக்கிறேன். பிள்ளைகள் எழுதித் தருவதைப் பத்திரமாக வைப்பது நல்லதுதான். ஒருமுறை படித்துவிட்டு வைத்தால் இன்னும் நல்லது!